விடுகைப் பத்திரம் எழுதும் மாதம்

தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்து இரண்டாவது கிழமை. இடைவேளை மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அலுவலக வாசலில் ஒரு அம்மம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு ரவுணிலை இடம் கிடைச்சிருக்கு. விடுகைப் பத்திரம் எழுதித் தரவேணும்."

"ஏனம்மா குறை நினைக்கப்போறன்? சந்தோசமான விசயம்தானே."

"இல்லை ரீச்சர், இஞ்சை படிச்சுத்தானே அவள் பாஸ் பண்ணினவள். இப்ப கொண்டு போறம் எண்டு எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தகப்பன் இல்லை. ஐந்து வருடமும் அம்மம்மாதான் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர். சேர்விலக்கம், சேர்ந்த திகதி, இறுதியாகக் கற்ற வகுப்பு என்று இடாப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் "வேறு பாடசாலையில் சேர்வதற்காக" என்று எழுதினேன். அந்த வருடம் தரம் 5இலிருந்து நான் எழுதிய நான்காவது விடுகைப் பத்திரம் அது. வகுப்பில் இருந்ததே பதின்மூன்று பிள்ளைகள்.

அம்மம்மா போன பிறகு இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கணித ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பிள்ளைக் கணக்கு, ஆசிரியர் கணக்கு, காசுக் கணக்கு மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. "சின்னப் பள்ளிக்கூடம், பிள்ளையள் இல்லை, மூடத்தானே வேணும்" என்று என் சொந்தக்காரரே சொல்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் கிராமத்துப் பாடசாலை வகை 2. கல்வி அமைச்சு அரச பாடசாலைகளை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளது 1ஏபி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை, அதாவது ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சையோடு முடிவது வகை 2. சின்ன வகுப்புகள் மட்டும் உள்ள ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. இதற்குக் குறுக்கே இன்னொரு கோடும் உண்டு. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள அமைச்சின் கீழும் மற்றவை மாகாண சபையின் கீழும் வந்தன. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் தேசிய பாடசாலைகள் நானூறுக்குக் கிட்டத்தான் வரும். பேர் சொன்னால் எல்லோருக்கும் தெரிவது அந்த நானூறுதான்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ஒரு நாள் சுற்றினால் பள்ளிக்கூடப் படலைகளில் சில எழுத்துச் சுருக்கங்களைக் காணலாம். அ.மி.த.க. என்றால் அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன். றோ.க.த.க. என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். அ.த.க. என்றால் அரசினர் தமிழ்க் கலவன். இன்னும் சைவப்பிரகாச வித்தியாசாலை, சைவ வித்தியாசாலை என்று வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவானது. அதை ஊரூராகக் கொண்டுபோன இராசரத்தினத்துக்கு 'இந்து போட்' என்பது பெயரோடு ஒட்டிய பட்டமாகிவிட்டது. ஊரில் ஒருவர் காணி கொடுப்பார், இன்னொருவர் பனைமரம் தறித்துக் கொடுப்பார், சனம் கிடுகு பின்னிக் கூரை போடும். அப்படி எழும்பியவைதான் இன்றைக்கு வகை 2 என்று நம்பரில் அழைக்கப்படும் இந்தப் பள்ளிக்கூடங்களில் கனக்க. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதற்குப் பிறகு சம்பளம் அரசாங்கத்தின் கையில், ஆசிரியர் நியமனமும் அரசாங்கத்தின் கையில்.

நானும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், தரம் 5 வரைக்கும். 1980களின் கடைசியில் அது. அப்போது ஒவ்வொரு தரத்திலும் ஏ, பி என்று இரண்டு வகுப்பு. மண்டபத்தில் இடம் காணாமல் வேப்பமரத்துக்குக் கீழே தரம் 3 இருந்தது. தரம் 6க்கு நான் ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கும் ஒரு விடுகைப் பத்திரம் எழுதப்பட்டது. இதை மறைக்க விரும்பவில்லை. போகிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

அந்த வேப்பமரம் நிற்கிறது. அதற்குக் கீழே வகுப்பு வைக்க வேண்டிய தேவை இல்லை. முழுப் பள்ளிக்கூடத்திலும் நூற்று முப்பது பிள்ளைகளுக்குள்தான்.

எங்கே போனார்கள் என்று கேட்டால், முதலில் நாட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1981 குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டச் சனத்தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2012இல் எண்ணியபோது 5 இலட்சத்து 83 ஆயிரத்தை அண்டியிருந்தது. இதே காலத்தில் முழு இலங்கையின் சனத்தொகை 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாகக் கூடியது. நாடு கூடும்போது நாங்கள் குறைந்தோம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் போரால் இடம்பெயர்ந்தது. அதே வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களின் பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளில்லாமல் கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நடந்து தென்மராட்சிக்குப் போனது. நானும் அந்தச் சனத்துக்குள் நடந்தேன், உயர்தரக் கொப்பிகளை அரிசிப் பையோடு கட்டிக்கொண்டு. ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு பகுதி திரும்பி வந்தது, ஒரு பகுதி கொழும்புக்கோ கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூட ஒழுங்கையில் பூட்டின வீடு மட்டும் ஏழு. அந்த வீட்டுப் பிள்ளைகள் ரொறன்ரோவில் படிக்கிறார்கள்.

இதற்கு மேல் பிறப்பும் குறைகிறது. 2019இல் நாட்டில் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. 2023இல் பிறந்த பிள்ளைகள் 2029இல் தரம் 1க்கு வருவார்கள். அந்த வருடம் எங்கள் தரம் 1 வகுப்பில் எத்தனை கதிரை வேண்டும் என்பது இப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது.

ஆனால் பிள்ளை குறைவது ஒரு பக்கம்தான். மிச்சம் யார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் சந்தியில் நின்று பார்த்தால் விளங்கும். ரவுணுக்குப் போகிற பாடசாலை வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை ஏறும். வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுப் பிள்ளை ஏறும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் சிலரின் பிள்ளைகளும் ஏறும். வான் போன பிறகு ஒழுங்கைகளால் நடந்து வருகிறவர்கள்தான் எங்கள் பிள்ளைகள். தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், சீவல் தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகள், மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவர்களின் பிள்ளைகள், தாய் மத்திய கிழக்கில் இருக்க அம்மம்மாவோடு வளர்கிறவர்கள், நுண்கடன்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்கிறவர்கள். வெங்காயம் கிண்டுகிற காலத்தில் தரம் 9, 10 வகுப்புகளில் வரவு பாதியாகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் 1930ஐ அண்டிய காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் சம ஆசனத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்ட ஊர் இது. இன்றைக்கு வாங்கில் ஒன்றுதான், யாரும் யாரையும் நிலத்தில் இருத்துவதில்லை. ஆனால் வான் எல்லாப் படலையிலும் நிற்பதில்லை. எந்தப் படலையில் நிற்கிறது, எந்தப் படலையைத் தாண்டிப் போகிறது என்று பார்த்தால் பழைய கோடு இன்னும் அழியவில்லை என்று தெரியும். ஊரில் இதை வாய்விட்டுக் கதைக்க மாட்டார்கள். "அந்தப் பள்ளிக்கூடத்திலை இப்ப ஆர் படிக்கினம் எண்டு தெரியும்தானே" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த அரைவசனம் எத்தனையோ பிள்ளைகளை எங்கள் படலையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. அதே அரைவசனம் மிச்சப் பிள்ளைகளின் காதிலும் விழுகிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் தரம் 6க்கு ஒரு பையன் வந்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கக் கஷ்டப்பட்டான். தாயை வரச் சொன்னேன். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வாசிப்பு அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "இரவிலை பத்து நிமிசம் இதை அவனோடை இருந்து வாசியுங்கோ" என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வாசிக்க வரும் ரீச்சர். ஆனா கெதியா வராது. நாங்கள் முகாமிலை இருந்தனாங்கள்தானே."

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் அவர். முகாம் மாறி முகாம், பள்ளிக்கூடம் மாறிப் பள்ளிக்கூடம், தரம் 7ஓடு நின்றுவிட்டார். இப்போது என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போரைக் காணாத பிள்ளைகளுக்குப் போரால் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு இந்தத் தாயைத்தான் நான் காட்டுவேன். வீட்டில் இருந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆளின் படிப்பை அது தின்றுவிட்டது. ரியூசனுக்கு அனுப்பக் காசு இல்லை. அப்படியென்றால் அந்தப் பையனுக்கு இருப்பது பள்ளிக்கூடம் மட்டும்தான். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை இருக்கும் அந்த ஆறு மணித்தியாலம்தான்.

அந்த ஆறு மணித்தியாலத்துக்கு யார் இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன்.

ஆளணி என்ற சொல்லை ஆசிரியர்கள் ஒரு நாளில் பத்துத் தரம் சொல்வோம். ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்று பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வகுப்புகளையும் பாடவேளைகளையும் வைத்து நிர்ணயிப்பதுதான் அது. நிர்ணயத்துக்குக் கூடுதலாக இருந்தால் "மேலதிகம்", குறைவாக இருந்தால் "வெற்றிடம்". தாளில் இது நியாயமாகத்தான் தெரியும். இலங்கையில் மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் பிரித்தால் ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகூட வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைவிடக் குறைவாக வரும். அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆசிரியர் கூடத்தானே" என்பார்கள்.

நேரசூசியை விரித்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, கிழமைக்கு நாற்பது என்பதுதான் நீண்டகால வழமையாக இருந்தது. தரம் 6இலிருந்து 11 வரை ஒவ்வொரு வகுப்பு, மொத்தம் ஆறு வகுப்பு. ஒரு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் இருந்தாலும் நாற்பத்தைந்து பிள்ளைகள் இருந்தாலும் கணிதம் கணிதம்தான், கிழமைக்கு ஐந்து பாடவேளை வேண்டும். ஆறு வகுப்பையும் நான் ஒருத்தி எடுத்தால் முப்பதைத் தொடும். பெரிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு கணித ஆசிரியர் இருப்பார்கள். ஒருவர் பிரசவ விடுமுறையில் போனால் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எங்களிடம் ஒரு பாடத்துக்கு ஓர் ஆள். ஓர் ஆள் போனால் அந்தப் பாடம் அடுத்த நாளே நின்றுவிடும். சராசரிக் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது.

அழகியல் பாடத்தை எடுங்கள். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று இருக்கின்றன, பிள்ளை தன் விருப்பத்துக்கு ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்பது பாடத்திட்டம். எங்களிடம் இருப்பது சித்திர ஆசிரியர் ஒருவர். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் சித்திரம்தான் விருப்பம். தரம் 8இல் ஒரு பிள்ளை இருக்கிறாள். கோயிலில் தேவாரம் பாடினால் ஐயர் மணியை வைத்துவிட்டு நின்று கேட்பார். அவள் ஓ.எல்லுக்குச் சங்கீதம் எடுக்க முடியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். தரம் 10இல் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயப் பாடம், அதோடு தொகுதிக்கு ஒன்றாக மூன்று பாடம் தெரிவு. அந்த மூன்றும் எங்களிடம் தெரிவாக இல்லை. யார் இருக்கிறாரோ அவருடைய பாடம்தான் பிள்ளையின் பாடம்.

2022 கடைசியில் அரச ஊழியர்களின் ஓய்வு வயது அறுபதாகக் குறைக்கப்பட்டது. அந்த டிசம்பரில் நாடு முழுக்க ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். எங்கள் ஆங்கில ஆசிரியையும் அன்றைக்குத்தான் போனார். இன்னும் இரண்டு மூன்று வருடம் படிப்பிக்கத் தெம்பும் விருப்பமும் இருந்தவர். அதே வருடம் சம்பளமில்லாத விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. இளம் ஆசிரியர்கள் சிலர் அதில் போனார்கள். பாணும் மாவும் விற்ற விலையில் ஓர் ஆசிரியரின் சம்பளம் மாதம் பதினைந்தாந் திகதியைத் தாண்டவில்லை. போனவர்களில் ஒருவரையும் நான் பிழை சொல்ல மாட்டேன்.

புதிதாக நியமனம் பெறுகிறவர்கள் முதலில் கஷ்டப் பிரதேசச் சேவை செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் போய் வருகிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி ஏ-9 வீதியால் பஸ் பிடித்துப் போகிற இளம் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அது நியாயமான விதி. வன்னிப் பிள்ளைகளுக்கு எங்களைவிட ஆசிரியர் தேவை. ஆனால் அவர்கள் சேவை முடித்துத் திரும்பி வரும்போது, ரவுணுக்கும் ரவுணை அண்டிய பள்ளிக்கூடங்களுக்கும் போக எல்லா வழியாலும் முயற்சிப்பார்கள். "இணைப்பு" என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆளின் பெயர் ஒரு பாடசாலை ஆளணியில் இருக்கும், ஆள் இன்னொரு பாடசாலையில் இருப்பார். அப்படி ஒரு பெயர் எங்கள் இடாப்பிலும் இரண்டு வருடம் இருந்தது. பெயர் இருந்தபடியால் வெற்றிடம் காட்ட முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் தகவல் தொழில்நுட்ப அறையில் கணினிகள் துணி மூடிக் கிடந்தன.

இந்த வருடம் போனது விஞ்ஞானம். இரண்டாம் தவணை நடுவில் கடிதம் வந்தது. பிள்ளைத் தொகை குறைந்தபடியால் ஆளணி மீளாய்வில் ஒருவர் மேலதிகம், விஞ்ஞான ஆசிரியர் தேவைப்படும் இன்னொரு பாடசாலைக்கு மாற்றம். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பாடசாலைக்கும் விஞ்ஞான ஆசிரியர் இல்லைதான். ஓ.எல் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். கடைசி நாள் அவர் மின்சுற்றுப் பாடத்தை அவசரமாக முடிக்கப் பார்த்து, முடியாமல், கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித்தாறன்" என்றார். சொன்னபடி ஆறு ஞாயிறு வந்தார். பெற்றோல் செலவு அவருடையது.

காசு விசயத்தை எடுத்தால், அரசாங்கம் ஒன்றும் தருவதில்லை என்று சொல்ல மாட்டேன். பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உணவு வருகிறது. காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்கு அந்தக் கடலையும் சோறும் என்ன பெறுமதி என்று பரிமாறுகிறவர்களுக்குத் தெரியும். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க ஆறாயிரம் ரூபா கிடைத்தது. இவையெல்லாம் பெரிய விசயம். பிரச்சினை பள்ளிக்கூடத்தை ஓட்டுகிற காசில். தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று வரும். வெண்கட்டி, தாள், விஞ்ஞானகூடப் பொருள், விளையாட்டுச் சாமான் வாங்கலாம். அது பிள்ளைகளின் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து வருவது, சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தலைக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஆனாலும் நூற்று முப்பது பிள்ளைக்கு வருகிற மொத்தம், ஒரு போட்டோக்கொப்பி மெசின் பழுதானால் கரைந்துவிடும். கரண்ட் பில் பிள்ளைக் கணக்குப் பார்த்து வருவதில்லை. கூரை ஓட்டை பிள்ளைக் கணக்குப் பார்த்து ஒழுகுவதில்லை.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதம் வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அரசாங்கம் செலவழிப்பது இரண்டு வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. இடைவெளியை யாரோ நிரப்ப வேண்டும். ரவுண் பள்ளிக்கூடங்களில் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் நிரப்புகின்றன. லண்டன் கிளை, ரொறன்ரோக் கிளை, சிட்னிக் கிளை என்று இருக்கும். நீச்சல் தடாகம் வரும், உள்ளக விளையாட்டரங்கு வரும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆட்களும் லண்டனில் இருக்கிறார்கள், டொக்டர்மாராகவும் எஞ்சினியர்மாராகவும். ஆனால் அவர்கள் என்னைப் போலத் தரம் 5ஓடு விடுகைப் பத்திரம் எடுத்தவர்கள். ஆரைக் கேட்டாலும் ரவுண் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவன் என்றுதான் சொல்லுவார்கள். 'ஆனா, ஆவன்னா' எழுதப் பழகின இடம் யாருக்கும் பழைய பாடசாலை இல்லை. தரம் 11 வரை எங்களிடமே படித்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட, கிணறு இறைக்க, சரஸ்வதி பூசைக்கு அவல் தர அவர்கள்தான் வருகிறார்கள். கொடுக்க அவர்களிடம் கை இருக்கிறது, காசு இல்லை.

ஒரு தரம் பிரான்சிலிருந்து ஒருவர் விடுமுறையில் வந்தார். தரம் 4 வரை எங்களிடம் படித்தவர், பிறகு இடம்பெயர்ந்து போனவர். தகப்பனின் நினைவாக நுழைவாயில் வளைவு ஒன்று கட்டித்தர விரும்பினார். நல்ல மனம். அதிபர் அவரை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போய், ஆங்கிலத்துக்கு ஆள் இல்லாத தரம் 7 வகுப்பில் இருத்தினார். பிள்ளைகள் சத்தமில்லாமல் கரும்பலகையில் முதல் நாள் எழுதியிருந்த சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாடவேளை முழுக்க அவர் இருந்தார். வளைவு கட்டப்படவில்லை. ஊரில் உயர்தரம் முடித்து, ஆங்கில டிப்ளோமாவும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு தொகையை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக இரண்டரை வருடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை படிப்பித்த இரண்டரை வருடத்தின் பலன் ஓ.எல் முடிவில் தெரிந்தது. ஆனால் நிரந்தர நியமனம் இல்லாமல் படிப்பிக்கிற தொண்டர் ஆசிரியர்களின் நிலை எல்லோருக்கும் தெரியும். வடக்கில் எத்தனை வருடம் வீதியில் நின்று நியமனம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளையும் ஒரு நாள் சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக வேலை கிடைத்து அழுதுகொண்டு போனாள்.

மூடச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. 2022 ஆனியில் பெற்றோல் இல்லாமல் நகரப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது, போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமத்துப் பாடசாலைகளை நடத்தலாம் என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் வழமைபோல நடந்து வந்தார்கள், நாங்கள் சைக்கிளில் வந்தோம். ரவுணில் படிக்கிற ஊர்ப் பிள்ளைகள் சிலர் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது என்னவென்று அந்தக் கிழமைகளில் ஊருக்குத் தெரிந்தது. பெற்றோல் வந்ததும் மறந்துவிட்டது. இந்தப் பள்ளிக்கூடம் மூடினால் வான் பிடிக்கக் காசுள்ளவன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அவன் ஏற்கெனவே வானில்தான் போகிறான். எங்கள் தரம் 9 பையன் மூன்று மைல் தள்ளியுள்ள பாடசாலைக்கு ஒரு மாதம் போவான், வெங்காயம் கிண்டுகிற காலம் வரும், பிறகு போகமாட்டான்.

நான் கேட்பது பெரிய கணக்கல்ல. பிள்ளை எத்தனை என்றாலும், தரம் 11 வரை நடக்கிற பாடசாலைக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ், வரலாறு என்று பாடத்துக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஆட்களை மேலதிகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சங்கீதம், நடனம் போன்றவற்றுக்கு ஓர் ஆசிரியரைப் பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் இரண்டுக்குப் பொதுவாக முறைப்படி நியமிக்கலாம், சைக்கிளில் போய் வருகிற தூரம்தான். ஓர் ஆளின் பெயர் எந்தப் பாடசாலையில் இருக்கிறதோ ஆளும் அங்கே இருக்க வேண்டும். காசு பகிரும்போது எத்தனை பிள்ளை என்று மட்டும் பார்க்காமல், எப்படியான வீட்டிலிருந்து வருகிற பிள்ளை என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் வாசிக்க ஆள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கூடச் செய்ய வேண்டியிருக்கிறது. கூடச் செய்வதற்குக் கூட ஆள் வேண்டும்.

விடுகைப் பத்திரத்தில் அதிபர் கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். அம்மம்மா அதை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் இருந்த சின்னப் பைக்குள் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ரீச்சர், சின்னவன் அடுத்த வருசம் ஒண்டாம் வகுப்பு. அவனை இஞ்சைதான் கொண்டு வருவன்."

"கொண்டு வாங்கோ அம்மா."

இடைவேளை முடிந்து ஐந்தாம் பாடவேளை மணி அடித்தது. தரம் 6 வாசலில் அந்தப் பையன் நின்றான், வாசிக்கக் கஷ்டப்பட்டவன். இப்போது மெதுவாக வாசிப்பான்.

"ரீச்சர், விஞ்ஞானத்துக்கு இண்டைக்கு ஆர் வருவினம்?"

மேசையில் கிடந்த தரம் 6 விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்தேன். முதல் நாள் இரவு இரண்டு அலகு வாசித்திருந்தேன். வெண்கட்டிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவனோடு வகுப்புக்குப் போனேன்.